இல்லையென்று சொல்லப்பட்ட காற்று

ஆகஸ்டு மாதம் ஒன்பதாம் நாள், புதன்கிழமை, காலை ஆறேகால் மணிக்குக் கோரோக் கடலின் காற்று சேனிகாவ் என்னும் கப்பலை விட்டு விலகிப் போயிற்று. கப்பலைச் சுற்றி ஒரு கல்லெறி தூரம்வரை நீர் எண்ணெய் வார்த்த தட்டுப்போலக் கிடந்தது. அவ்வட்டத்துக்கு அப்பால் அலைகள் வெண்தலை விரித்து ஆடின. கொடிமரத்துக் கொடி ஈரத்துணிபோலத் தொங்கியது. புகைபோக்கியின் புகை தென்னையின் அடிமரம்போல நேரே எழுந்து, ஒரு கல்லெறி உயரத்துக்கு மேலேதான் வளைந்தது. கப்பல் நகர்ந்தால் வட்டமும் உடன் நகர்ந்தது. ஓடும் கப்பலில் முகத்தில் மோதும் எதிர்காற்றுகூட இல்லை. அதே வாரத்தில் கப்பலின் துறைமுக ஊரான லெவுகாவில் கொப்பரையின் விலை இறங்கியது. ஊரார் இரண்டு செய்திகளையும் ஒரே மூச்சில் பேசி, கொப்பரைக்காகத்தான் நெடுநேரம் வருந்தினர்.

காற்று ஏன் போயிற்று என்று சொல்வதற்கு முன், அதை நாள்தோறும் எழுதிவந்தவனைச் சொல்ல வேண்டும். நெமானி வுனிவாங்கா அக்கப்பலின் இரண்டாம் அதிகாரி. லெவுகா மலைச்சரிவில், நூற்றுத்தொண்ணூறு படிகளுக்கு மேலே அவன் வீடு. லாவேனியா என்னும் மனைவி. வாசிதி என்னும் ஏழு வயது மகள். பத்தொன்பது ஆண்டுகளாக நாளுக்கு நான்கு முறை அவன் சுக்கான் அறைக்கு வெளியே, தளத்தின் திறந்த ஓரத்துக்கு வந்து நிற்பான். அழுத்தமானியின் கண்ணாடியை விரல்நுனியால் ஒருமுறை தட்டுவான். வெள்ளைப் பலகைக் கூட்டுக்குள் தொங்கும் இரண்டு வெப்பமானிகளை, உலர்ந்ததையும் ஈரத்துணி சுற்றியதையும், மூச்சை அடக்கிக்கொண்டு படிப்பான். தன் மூச்சுப் பட்டு அரைப்பாகை ஏறிவிட்டால் அது வானத்தின்மேல் சுமத்திய பழியாகும் என்பது அவன் அச்சம். கித்தான் வாளியைக் கயிற்றில் இறக்கிக் கடல்நீர் மொண்டு அதன் வெம்மையை அளப்பான். விசும்பை எட்டுப் பங்காக்கி எத்தனை பங்கை முகில் மூடியதென்று எண்ணுவான். காற்றுக்கு மட்டும் கருவி இல்லை. கடலின் முகத்தைப் பார்த்தே அதை அளக்க வேண்டும். மீன்செதில்போல நீர் சிலிர்த்தால் ஒன்று. அலையுச்சிகள் ஆங்காங்கே வெளுத்தால் நான்கு. நுரை கிழிந்து காற்றின் போக்கில் வெண்ணூலாக நீளத் தொடங்கினால் ஏழு. கண்ணாடியாய்க் கிடந்தால் சுழியம். இவ்வெண்களை ஐந்தைந்தாகக் கோத்துக் கப்பல் தலைவன் வானொலியில் வாசிப்பான். கரையிலுள்ள வானிலை அலுவலகம் அவற்றை வரைபடத்தில் இட்டு, இன்று எவர் படகு இறக்கலாம், எவர் இறக்கலாகாது என்று தீவுகளுக்கெல்லாம் சொல்லும். அப்பரப்பில் நாளும் தவறாது எழுதியனுப்பும் கப்பல் சேனிகாவ் ஒன்றே.

நெமானி மெதடிஸ்டு சபையின் உபதேசியுமாவான். படைத்தவன் ஓயாது பாடும் பாட்டைத் தான் படியெடுக்கிறான், படியெடுப்பவனுக்கு அதில் ஒரு சீரைக் கூட்டவும் குறைக்கவும் உரிமையில்லை என்று அவன் நம்பினான். காற்றும் அவனை நம்பியது என்பார் மாலுமிகள். அவன் ஓரத்தில் வந்து நின்றால், எண்ணி முடிக்கும்வரை அது திசை மாறாமல், கறக்கும் கைக்கு மடி கொடுத்து நிற்கும் பசுவைப்போல நிற்குமாம்.

கப்பல் தலைவன் கிதியோனே லாவேனியாவின் உடன்பிறந்த அண்ணன். ஆகவே நெமானிக்கு மச்சான். அத்தீவுகளில் மச்சான்மார் ஒருவரையொருவர் பழித்துப் பேசாவிட்டால் உறவில் ஏதோ குறையென்று பொருள். அவ்விருவர் உறவிலும் குறையே இல்லை.

"என்ன மச்சான், பத்தொம்பது வருசமா வாளி வாளியா மொண்டுகிட்டே இருக்கே? கடலு ஒரு முழம் கீழ போயிடுச்சு பாரு" என்பான் கிதியோனே.

"கடலு எறங்கல மச்சான். நீ ஏறுனதுல கப்பல்தான் ஒரு முழம் எறங்கிடுச்சு. நேத்து நீ தின்ன சேப்பங்கிழங்குக்குத் தனியா சரக்குச்சீட்டு போடணும்னு சமையக்காரன் சொல்றான்."

"என் தங்கச்சியக் கட்டுன நாள்லேர்ந்து வாய் நீண்டுபோச்சுடா உனக்கு."

"அவ போடற சாப்பாட்டுல வாய் மட்டுந்தானே வளருது."

கப்பல்களில் ஒரு வழக்கம் இருந்தது. வேளைக்கு ஒரு தாள். தாளின் அடியில் பார்த்தவன் கையெழுத்து. கடலில் வாளி பிடித்த ஈரக்கையால் ஒப்பமிட்டால் மை கரைந்து பெயர் அழியும். அழிந்த தாளை அலுவலகம் திருப்பியனுப்பும். ஆகையால் மாதத்தின் முதல்நாள், கப்பல் துறையில் கட்டியிருக்கும்போது, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு அம்மாதத்துத் தாள்கள் அனைத்திலும் முன்னதாகவே ஒப்பமிட்டு, கெட்டுப்போகும் தாளுக்கு ஈடாக இரண்டு மூன்றைச் சேர்த்து வைப்பார்கள். எல்லா அதிகாரிகளும் செய்வதுதான், அலுவலகமும் அறிந்ததுதான். நெமானியின் தாள்கள் கிதியோனேயின் மேசை இழுப்பறையில் இருக்கும். ஓர் எண்ணைப் பிழையாக எழுத அஞ்சி மூச்சையே அடக்கியவன், வெற்றுத்தாளில் பெயரெழுதிப் பிறன் கையில் கொடுப்பதைப் பிழையென்று ஒருநாளும் எண்ணவில்லை. மச்சான் மேசை பிறன் மேசையா?

அந்த ஆகஸ்டில் தலைநகர் சுவாவில் சபைப் பாடகர் போட்டி. கோரோத் தீவில் கிதியோனேயின் சொந்த ஊரான நசாவுவிலிருந்து நாற்பத்திரண்டு பேர், வெள்ளுடைகளை மடித்துப் பெட்டிகளில் வைத்து, பாயும் படுக்கையுமாகக் கரைமணலில் காத்திருந்தனர். ஐந்து நாட்களாகத் தென்கிழக்குக் காற்று ஓயவில்லை. எச்சரிக்கை நிலவும்வரை ஆளேற்றிய கப்பல் கடலைக் கடக்கலாகாது என்பது சட்டம். சேனிகாவ் கோரோத் தீவின் மறைவில் நங்கூரமிட்டுக் கிடந்தது. வெள்ளிக்கிழமை போட்டி. செவ்வாய் மாலை பாடகர் தலைவர், கிதியோனேயின் காதில் விழும்படி, பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "கப்பல் இருக்கு. கேப்டன் நம்ம ஊர்ப் புள்ள. ஆனா போக முடியாது. அப்புறம் நம்ம புள்ளைக்கு அந்தத் தொப்பி எதுக்கு? தேங்கா பொறுக்கவா?" மணலில் இருந்த அனைவரும் சிரித்தனர். கிதியோனேயும் சிரித்தான், அன்றிரவு அவன் உண்ணவில்லை.

புதன் காலை ஆறு மணிக்குக் கடலைப் பார்க்கவென்று கப்பலைப் பவளப்பாறை வாயிலுக்கு வெளியே கொண்டுபோனார்கள். நெமானி பார்த்தான். வெண்ணூல்கள் நீண்டு கிடந்தன. தென்கிழக்கு, ஏழு என்று எழுதி, தாளைக் கிதியோனேயிடம் கொடுத்துவிட்டு, வாளிநீரைக் கொட்டக் கீழ்த்தளத்துக்குப் போனான். கிதியோனே ஒலிவாங்கியை எடுத்தான். அதுவரை அவன் பொய் சொல்லிப் பழகியவனல்லன். ஆகவே பொய்யின் அளவும் அவனுக்குத் தெரியவில்லை. மூன்று என்றிருந்தால் போதும். பழக்கமில்லாத கை உப்பை அள்ளிப் போடுவதுபோல, சுழியம் என்றான். கடல் கண்ணாடியாய்க் கிடக்கிறது என்றான்.

அச்சொல் வானொலியில் ஏறியதும் காற்று நின்றது. தன்னை இல்லையென்று சொல்லும் வாயின் அருகே நிற்க மானமுள்ள எந்தக் காற்றும் ஒப்பாது. வெறும் வாளியுடன் மேலே வந்த நெமானி கடலைக் கண்டு திகைத்தான்.

"மச்சான், நான் ஏழுன்னு எழுதிக் குடுத்து அஞ்சு நிமிசம் ஆகல."

"உன் எழுத்தப் பாத்துப் பயந்து ஓடியிருக்கும்."

"திருத்தம் சொல்லணுமே. வட்டத்துக்கு அந்தாண்ட இன்னும் அடிக்குது பாரு. ரெண்டையும் சொல்லணும்."

"சொல்லிட்டேன்டா. உன்னோட பெரிய ரோதனை. போய்த் தேத்தண்ணி குடி."

நெமானி போய்த் தேநீர் குடித்தான். அவன் குடித்துக்கொண்டிருக்கையில் கிதியோனே இழுப்பறையைத் திறந்து, ஒப்பமிட்ட மிகைத்தாள் ஒன்றை எடுத்து, அதில் சுழியத்தை எழுதி, ஏழு எழுதிய தாளைச் சமையல் அடுப்பில் போட்டான். எண்களுக்குக் கையெழுத்துச் சாயல் கிடையாது. யார் எழுதினாலும் ஏழு ஏழுதான், சுழியம் சுழியந்தான்.

எட்டு மணிக்கு எச்சரிக்கை நீங்கியது. நாற்பத்திரண்டு பேரும் ஏறினர். நாற்புறமும் கடல் பொங்க, நடுவே குளம்போன்ற நீரில் கப்பல் சென்றது. ஒருவருக்கும் குமட்டவில்லை, ஒருவர் வெள்ளுடையிலும் உப்புநீர் தெறிக்கவில்லை. கடலைப் பிளந்து தம் அடியார்க்கு வழிவிட்டவரைப் போற்றிச் சுவா வரைக்கும் நான்கு குரலில் பாடிக்கொண்டே போனார்கள். வெள்ளியன்று முதற்பரிசு பெற்றார்கள். அதே புதன்கிழமை, எட்டு மணி வானொலியைக் கேட்டு, பத்திகித் தீவைச் சேர்ந்த சமிசோனியும் அவன் தம்பி வைசாலேயும் கூரைத்தகடு ஏற்றிவரத் தங்கள் சிறு படகை இறக்கினர். அவர்களிருந்த இடத்தில் வட்டமில்லை. பதினொரு மணிக்குப் படகு கவிழ்ந்தது. வைசாலே எண்ணெய்க் கலத்தைக் கட்டிக்கொண்டு பாறையில் ஒதுங்கினான். சமிசோனி மூன்றாம் நாள் ஒதுங்கினான். அவன் மனைவி வானொலிப் பெட்டியைத் தூக்கிக் கடலில் எறிந்தாள்.

செப்டம்பரில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சுழியம் எழுதிய தாளின் படியும் உடன் வந்தது. அதற்குள் கப்பலைக் காற்றுத் தீண்டாத செய்தி எல்லாத் தீவுகளுக்கும் பரவி, குமட்டலுக்கு அஞ்சுபவர்கள் மற்றக் கப்பல்களை விட்டுச் சேனிகாவில் ஏறத் தொடங்கியிருந்தனர். காற்று பொய்யைக் கேட்டு மனம் நொந்து போயிற்று என்பதில் லெவுகாவில் எவருக்கும் ஐயமில்லை. பொய்யெழுதிய தாளில் நெமானியின் பெயர் இருந்தது. மீதியை ஊரே கூட்டிக்கொண்டது. நற்செய்தி சொல்லும் வாயும் காற்றை விற்ற கையும் ஒருவனுக்கே இருக்கிறதே என்று படித்துறையில் பேசினார்கள். ஞாயிறுகளில் அவன் உபதேசிக்கும் முறை வந்தபோது சபைமூப்பர் வேறொருவரை எழுப்பினார்.

"நீ சொல்லு மச்சான், ஏழுன்னுதானே எழுதிக் குடுத்தேன்?" என்று நெமானி கேட்டான்.

"விசாரணைல சொல்றேன்டா. இங்க படித்துறைல நின்னு கத்தவா?"

நெமானி நம்பினான். காற்று போன நாளிலிருந்து விசாரணைவரை ஒன்பது வாரமும் கிதியோனே லெவுகாவில் கரையிறங்காமல் கப்பலிலேயே தங்கினான். வேலை மிகுதி என்றான்.

விசாரணை அக்டோபரில், லெவுகாவில் மாடியறை ஒன்றில், கடல்பார்த்த மூன்று சன்னல்களும் திறந்திருக்க நடந்தது. சன்னல்கள் திறந்தும் அறை அடுப்புப்போலப் புழுங்கியது, தாளொன்றும் அசையவில்லை. விசாரித்த அதிகாரி ஜக்மோகன் பருத்த உடலும் மெல்லிய குரலும் உடையவர். "பதினோரு வருசமா காலைல வந்ததும் உங்க எண்ணைத்தான் நான் மொதல்ல வரைபடத்துல போடுவேன், மிஸ்டர் நெமானி" என்றார். "மத்தவங்க எண்ணு சரியா தப்பான்னு உங்களத வச்சுத்தான் பாப்பேன். உங்க மொகத்த இன்னிக்குத்தான் பாக்கறேன். இதுக்காகப் பாக்க வேண்டியதாப் போச்சு." தாளை நகர்த்திவைத்தார். "இது உங்க கையெழுத்தா?"

"என் கையெழுத்துதாங்க. எண்ணு என்னுது இல்ல."

"அது எப்படிங்க?"

நெமானி வழக்கத்தைச் சொன்னான். ஜக்மோகன் கண்களைத் தாழ்த்திக்கொண்டார். அறிந்ததை முதன்முறை கேட்பவர்போல முகத்தை வைத்துக்கொள்வது அவருக்கு எளிதாக இல்லை. பிறகு கிதியோனேயைக் கேட்டார். கிதியோனே தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, வியர்வை மோவாயிலிருந்து சொட்ட, "அவரு குடுத்தத வாசிச்சேங்க" என்றான். அவ்வளவில் நின்றிருக்கலாம். ஆனால் நெமானியின் பார்வை தன்மேல் இருப்பதைக் கண்டு மேலும் பேசினான்.

"செஞ்சது தப்புன்னு அவருக்கே தெரியும்ங்க. வாய்விட்டுச் சொல்லத்தான் கூச்சம். அதான் போன வாரம் நானே பத்திகிக்குப் போயி, அவரு பேருல தம்புவா வச்சு மண்டிபோட்டு மன்னிப்புக் கேட்டேன். பெரியவங்க பல்ல வாங்கிக்கிட்டாங்க. பேச்சு மண்ணுக்குள்ள போச்சு. அவரு என் தங்கச்சி புருசனுங்க. பாத்து, கொறைவாப் போட்டுக் குடுங்க."

தம்புவா என்னும் திமிங்கிலப் பல்லை இரு கையிலும் ஏந்திக் கொடுத்து, எதிரி அதை வாங்கிக்கொண்டால், அக்குற்றத்தைப் பற்றி அதற்குமேல் எவரும் வாய் திறக்கலாகாது. செய்தவன் செய்தேன் என்று ஒப்பியதாகவும், இழந்தவன் விட்டேன் என்று ஒப்பியதாகவும் ஆகும். நெமானியின் பெயரால், நெமானி அறியாமல், இரண்டும் முடிந்திருந்தன. அவன் எழுந்தான். பல்லை மீறிப் பேசலாகாதென்று மீண்டும் உட்கார்ந்தான். ஐந்தாண்டு அவன் அதிகாரிச் சான்றிதழ் நிறுத்தப்படும், வானிலை எழுதுவோர் பட்டியலிலிருந்து அவன் பெயர் என்றைக்குமாக நீக்கப்படும் என்று ஜக்மோகன் எழுதி ஒப்பமிட்டார். கிதியோனே கப்பல் கிளம்பும் ஏற்றநீர் தவறிவிடுமென்று விடைபெற்றுப் படியிறங்கினான்.

அவன் தெருவில் ஒரு கல்லெறி தூரம் போனதும் மூன்று சன்னல்கள் வழியாகவும் காற்று உள்ளே வந்தது. மேசைத்தாள்கள் கொக்குக் கூட்டம்போல எழுந்தன. ஒப்பமிட்ட ஆணை கூரைவரை சென்று சுழன்றது. காற்று நெமானியின் சட்டைக் கழுத்தைத் தூக்கி, தலைமயிரைக் கலைத்து, காணாமற்போன பிள்ளையைக் கண்ட தாய் தடவுவதுபோல அவனைத் தலைமுதல் கால்வரை தடவியது. ஜக்மோகன் சன்னலுக்குச் சென்று பார்த்தார். தெருவோரத் தென்னைகள் ஒவ்வொன்றாக, கிதியோனே அருகே வரும்போது அசைவொழிந்து, அவன் கடந்ததும் மீண்டும் ஆடின. கப்பல் அங்கிருந்து அரைக் கல் தொலைவில் துறையில் கிடந்தது. அதன் கொடி மற்றக் கப்பல்களின் கொடிகளோடு சேர்ந்து படபடத்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களாய்யா" என்றான் நெமானி.

"பாத்தேன்."

"அப்ப?"

ஜக்மோகன் குனிந்து ஆணையை எடுத்து, மேசையில் வைத்து, அதன்மேல் ஒரு கண்ணாடிக் கல்லை வைத்தார். "எனக்கு வந்த தாள்ல இருக்கறதத்தாங்க நான் சேக்க முடியும். சன்னல்ல பாத்தத எழுதறதுக்குக் கட்டம் கெடையாது" என்றார். பிறகு அவனிடம் ஒரு குவளை தண்ணீர் கொடுத்தார்.

நெமானி துறைக்கு ஓடிக் கிதியோனேயைப் பிடித்தான். அவன் அருகே செல்லச் செல்லக் காற்று தன்னைவிட்டு நழுவுவதை உணர்ந்தான்.

"ஏன் மச்சான்?"

"நாப்பத்திரண்டு பேருடா. அஞ்சு நாளா மணல்ல."

"அத கேக்கல. சமிசோனி செத்ததையும் கேக்கல. என் பேரு ஏன்?"

கிதியோனே தொப்பியால் விசிறிக்கொண்டான். தொப்பி அசைந்தது, காற்று எழவில்லை. "ஒனக்கு அஞ்சு வருசந்தான். எனக்குன்னா ஜெயிலு. யோசிச்சுத்தான் செஞ்சோம்."

"செஞ்சோமா? யாரு யாரு?"

கிதியோனே கடலைப் பார்த்தான். "பத்திகில நான் வச்ச பல்லு எந்த வீட்டுதுன்னு நெனச்சே?" என்றான்.

நெமானி நூற்றுத்தொண்ணூறு படிகளும் ஏறி வீட்டுக்குப் போனான். பெட்டியைத் திறந்தான். திருமணத்தன்று அவன் தந்தை லாவேனியாவின் வீட்டாருக்குக் கொடுத்து, வாசிதி பிறந்தபோது அவர்கள் திருப்பித் தந்த பழுத்த மஞ்சள்நிறத் தம்புவா இல்லை, அதைச் சுற்றிய பட்டுத்துணி மட்டும் கிடந்தது. லாவேனியா அடுப்பருகே நின்றாள். அழுதவளாகத் தெரிந்தாள், ஆனால் குரல் உடையவில்லை.

"அண்ணன் உள்ள போனா ரெண்டு வீடும் பட்டினி. நீங்க கரைல இருந்தா ஒரு வீடுதான், அதையும் அண்ணன் பாத்துக்கறேன்னுச்சு. நீங்க தாங்குவீங்கன்னு தெரியும். அது தாங்காது."

"என்னக் கேட்டியா?"

"கேட்டா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

 அவன் உட்கார்ந்தான், அவள் மரவள்ளியும் மீனும் வைத்தாள், அவன் உண்டான். அவர்கள் தொடர்ந்து ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். அவன் அவளை ஒருநாளும் கடிந்துகொள்ளவில்லை. அவளோடு சேர்ந்து பாடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டான்.

மறு ஆண்டு ஈஸ்டருக்குக் கிதியோனே விடுப்பில் போக, மாற்றுத் தலைவன் ஏறிய அன்றே சேனிகாவுக்குக் காற்று திரும்பியது. பயணிகள் இருபுறமும் குனிந்து வாந்தியெடுத்தனர். அதேநாளில் லெவுகாவில் கிதியோனேயின் வீட்டுக்கொடியில் துணிகள் உலரவில்லை. இவ்வாறு ஊர் முழுவதும் உண்மையை ஒரே பகலில் அறிந்தது. அறிந்து பேசாதிருந்தது. பல் கைமாறிவிட்டது. புதைத்த பேச்சைத் தோண்டுபவன் வீட்டில் பிணவாடை அடிக்கும் என்பது அங்கே பழமொழி. பத்திகியிலிருந்து வைசாலே ஒருமுறை வந்தான். கிதியோனேயின் எதிரில் உட்கார்ந்து ஒரு சுருட்டைப் பற்றவைத்து, புகை நேரே மேலெழுவதைச் சுருட்டு தீரும்வரை பார்த்தான். கொடுத்த யங்கோனா வேர்ப்பானத்தைக் குடித்தான். எழுந்து போய்விட்டான். நெமானியின் வீட்டுப் படிகளை அவன் ஏறவில்லை. ஏறினால் பேச நேரும்.

ஆண்டுகள் சென்றன. கிதியோனே கடலை விட்டான். வட்டம் அவனை விடவில்லை. வியர்வை உலராத அவன் உடம்பில் தேமல் படர்ந்தது. விசிறி அவனுக்குப் பயன்படவில்லை. பூ மணமோ கடல் மணமோ அவனை எட்டவில்லை. ஊருக்கு அவனால் பயன் மிகுந்தது. கப்பலிலிருந்து கண்ணாடித்தகடு இறக்கும்போது அவனைத் துறையில் நிறுத்துவார்கள். கூரை வேய்பவர்கள் அவனைக் கீழே நாற்காலியில் அமர்த்துவார்கள். குப்பை எரிக்கவும், சாவுவீட்டில் மெழுகுவத்தி நின்றெரியவும் அவனை அழைப்பார்கள். அழைத்த இடத்திலெல்லாம் முதற்கிண்ணம் யங்கோனா அவனுக்கே. சிலர் அவனைக் காற்றடக்கிய கேப்டன் என்றே அழைத்தனர்; அதை அவர்கள் கேலியாகச் சொல்லவில்லை. நெமானியின் சான்றிதழ் ஐந்தாண்டில் திரும்பிவந்தது. அவன் கடலுக்குப் போகவில்லை. துறைமுகக் கொட்டகையில் கயிறு முறுக்கும் வேலை செய்தான். அவன் பெயரோடு சேர்ந்த பொய் மட்டும் அப்படியே இருந்தது. சிறுபிள்ளைகள் ஒருவர் சொல்வதை ஒருவர் நம்பாதபோது, "நெமானி எழுதுன காத்து" என்று சொல்லிச் சிரித்தனர். அவர்களைப் பெற்றோர் கண்டிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் காரணமும் சொல்ல வேண்டிவரும்.

வாசிதிக்கு இருபத்திரண்டாம் வயதில் திருமணம் கூடியது. அதுவும் ஆகஸ்டு. சபைத்திடலில் போட்ட கித்தான் பந்தலைக் காலையிலிருந்தே காற்று பிய்த்தது; இரண்டு கம்பங்கள் சாய்ந்தன; பாய்கள் பறந்தன; மண்ணடுப்பில் வெந்த பன்றியின்மேல் புழுதி படிந்தது. ஆண்கள் கயிறுகளைப் பிடித்துத் தொங்கினர். லாவேனியா மணவிழாவுக்கு உடுத்தும் மரப்பட்டைத் துணியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, நெமானியைப் பார்க்காமல், "அண்ணனக் கூட்டிட்டு வாங்க. தாய்மாமன் இல்லாம எப்படியும் முடியாது" என்றாள்.

கிதியோனே இருவர் தாங்க வந்தான். அவன் பந்தலுக்குள் கால்வைத்ததும் கித்தான் அடங்கித் தாழ்ந்தது. மணமகளின் முகத்திரை நேராகத் தொங்கியது. கயிற்றில் தொங்கியவர்கள் கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தனர். "அப்பாடா" என்றது கூட்டம். "இந்தாள இன்னும் கொஞ்சம் முன்னாடியே கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றாள் ஒருத்தி. நடுவில் விரித்த பாயில் அவனை அமர்த்தினார்கள். நெமானி எழுந்தான், திடலைக் கடந்து, ஒரு கல்லெறிக்கு அப்பாலிருந்த மாமரத்தடியில் போய் நின்றான். வாசிதி திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பந்தல் விளிம்புவரை ஓடிவந்து கைகாட்டி அழைத்தாள். அவன் கைகாட்டி மறுத்தான். அவள் மரத்தடிக்கே வந்தாள். அவள் முகத்திரை காற்றில் எழுந்து அவன் தோளில் சுற்றிக்கொண்டது.

"உள்ள வாங்கப்பா. எல்லாரும் பாக்கறாங்க."

"நீ போம்மா. உள்ள புழுக்கமா இருக்கும் எனக்கு."

"மாமா பாவம்ப்பா. வயசாயிடுச்சு."

"ஆமாம்மா" என்றான் நெமானி. திரையைத் தோளிலிருந்து மெல்ல எடுத்து அவள் கையில் கொடுத்தான். "போ. காத்துல தலையெல்லாம் கலையுது."

அவள் போனாள். போதகர் எழுந்து, மணமக்களை வாழ்த்தி, கடலையும் காற்றையும் அடக்கவல்லவரைத் துதித்து, இந்நன்னாளில் கிதியோனே என்னும் தம் ஊழியன் வாயிலாக அமைதி அருளியமைக்கு நன்றி செலுத்தினார். பந்தலிலிருந்த முந்நூறு பேரும் ஒரே குரலில் ஆமென் என்றார்கள். மரத்தடியில் நின்றவனும் சொன்னானா என்பது தெரியாது, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது. அங்கே காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது.